விண்டோஸுக்குள் இணையம் புகுந்த வழி

விண்டோஸ் கணினியில் சி டிரைவைத் திறந்து விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ் என்று ஒவ்வொரு கோப்புறையாக உள்ளே இறங்கினால், ‘எட்சி’ என்று ஒரு கோப்புறை இருக்கும். அக்கம்பக்கத்துப் பெயர்களோடு ஒட்டாத பெயர் அது. யூனிக்ஸ் வீட்டுப் பெயர். அதற்குள் இருக்கும் ‘ஹோஸ்ட்ஸ்’ கோப்பை நோட்பேடில் திறந்தால், முதல் வரியின் பதிப்புரிமைக் குறிப்பு 1993 என்ற ஆண்டிலிருந்து தொடங்கும். சீர்வரிசையாக வந்த பாத்திரத்தில் பிறந்த வீட்டுப் பெயர் பொறித்திருக்குமே, அந்த மாதிரி.

1993 ஜூலையில் வந்த விண்டோஸ் என்டி 3.1-இல், இணையத்தின் பேச்சுமுறையான டிசிபி/ஐபிக்குரிய நிரல் மைக்ரோசாஃப்ட் தானே எழுதியதல்ல. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இருந்த ஸ்பைடர் சிஸ்டம்ஸ் நிறுவனத்திடம் உரிமம் வாங்கியது. அடுத்த ஆண்டு வெளியான என்டி 3.5-இல் சொந்தமாக எழுதியதை வைத்துவிட்டது. ஆனால் எஃப்டிபி போன்ற சில்லறைக் கருவிகள் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பதிப்புரிமை வரியைச் சுமந்தபடியே பல ஆண்டுகள் ஓடின. இதைப் பார்த்துவிட்டு ‘மைக்ரோசாஃப்ட் யூனிக்ஸைத் திருடியது’ என்று பேசியவர்கள் உண்டு. பெர்க்லியின் உரிமம் யாரும் எடுத்துப் பயன்படுத்த இடம் கொடுத்தது. பெயரைச் சொன்னால் போதும். அந்த வரியே பெயரைச் சொன்னதற்குச் சாட்சி.

டிசிபி/ஐபி வருவதற்கு முன்பு விண்டோஸ் உலகில் நெட்வொர்க்கிங் பொறியாளர் என்றால், ஒரே கட்டடத்துக்குள் வேலை பார்ப்பவர். ஓர் அச்சுப்பொறியைப் பத்துப் பேர் பகிர வேண்டும், ஒருவருடைய கோப்பை இன்னொருவர் திறக்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. நாவெல் நிறுவனத்தின் நெட்வேர் அந்தச் சந்தையை ஆண்டது. ஐபிஎம்மில் பேரி ஃபைகன்பாம் 1983 வாக்கில் வடிவமைத்த எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு முறையை மைக்ரோசாஃப்ட் எடுத்து வளர்த்தது. அலுவலகத்தில் எல்லோரும் தெரிந்த முகங்கள் என்ற நம்பிக்கையில் பிறந்த முறை அது. இந்த நம்பிக்கை பின்னால் என்ன பாடு படுத்தியது என்பதற்கு வருவோம்.

விண்டோஸை இணையத்தோடு சேர்க்க விரும்பியவர்கள் 1990-களின் தொடக்கத்தில் வெளியே இருந்தார்கள். எஃப்டிபி சாஃப்ட்வேர், நெட்மேனேஜ், சன் என்று பல நிறுவனங்கள் ஆளுக்கொரு டிசிபி/ஐபி மென்பொருளை விற்றன. ஒன்றுக்காக எழுதிய மின்னஞ்சல் நிரல் இன்னொன்றில் ஓடாது. ஒரே நிரலை ஐந்தாறு விதமாக எழுதிப் பராமரிக்க வேண்டியிருந்தது. 1991 அக்டோபரில் ஜேஎஸ்பி நிறுவனத்தின் மார்ட்டின் ஹால் ஒரு யோசனையை முன்வைத்தார்: அடியில் யாருடைய சரக்கு இருந்தாலும், மேலே இருக்கும் நிரல் கூப்பிடும் முறை ஒன்றாக இருக்கட்டும். போட்டியாளர்களே கூடி உட்கார்ந்து எழுதிய அந்த விவரக்குறிப்புதான் விண்டோஸ் சாக்கெட்ஸ், சுருக்கமாக வின்சாக். 1992-இல் முதல் பதிப்பு, 1993 ஜனவரியில் 1.1. ஹாலோடு சன், மைக்ரோசாஃப்ட் முதலிய நிறுவனங்களின் பொறியாளர்களும் ஆசிரியர்களாகப் பெயர் போட்டார்கள்.

பெர்க்லி யூனிக்ஸின் சாக்கெட் முறையை அப்படியே இறக்கிவிட முடியவில்லை. யூனிக்ஸில் ஒரு நிரல் ‘தரவு வரட்டும்’ என்று காத்துக் கிடந்தால் அது மட்டும்தான் தூங்கும். மற்றவை தம் வேலையைப் பார்க்கும். விண்டோஸ் 3.1-இல் ஒரு நிரல் தானாக வழிவிட்டால்தான் அடுத்ததற்கு முறை கிடைக்கும். ஒற்றைக் கிணற்றில் வாளியை இறக்கியவர் கயிற்றை விடாமல் நின்றால் வரிசை முழுவதும் நிற்பதுபோல, தொலைதூர சர்வரின் பதிலுக்காக ஒரு நிரல் காத்திருந்தால் மற்ற நிரல்கள் எல்லாம் உறைந்துவிடும். ஆகவே வின்சாக்கில் புதிய வழி சேர்த்தார்கள். நிரல் காத்திருக்காது; தரவு வந்ததும், விசை அழுத்தினால் வரும் அதே வகைச் செய்தி ஒன்று அதன் சாளரத்துக்கு வந்து சேரும். பெர்க்லி மரபில் வளர்ந்தவர்களுக்கு இது கோணல். விண்டோஸ் நிரலாளர்களுக்கோ நெட்வொர்க்கும் விசைப்பலகையைப் போல இன்னொரு சாதனமாகிப் போனது. நெருக்கடியில் பிறந்த ஏற்பாடு என்றாலும், நேர்த்தியான ஏற்பாடு என்றே சொல்ல வேண்டும்.

வின்சாக் ஓர் ஒப்பந்தம் மட்டுமே. அதை நிறைவேற்றும் கோப்பை யாராவது எழுதித் தர வேண்டும். வீட்டிலிருந்து மோடம் வழியாக இணைந்த விண்டோஸ் 3.1 பயனர்களில் ஏராளமானோருக்கு அதை எழுதித் தந்தவர் அமெரிக்கரே அல்லர். ஆஸ்திரேலியாவின் தெற்கே உள்ள டாஸ்மேனியாத் தீவில், ஹோபார்ட் நகரத்துப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் வேலை பார்த்த பீட்டர் டாட்டம். அவருடைய ட்ரம்பெட் வின்சாக் 1994-இல் ஷேர்வேராக வந்தது: முதலில் பயன்படுத்துங்கள், பிடித்திருந்தால் 25 டாலர் அனுப்புங்கள். அதில் டயலிங் கட்டளைகளைக் கையால் எழுதித் திருத்த வேண்டும். எண்ணைச் சுழற்று, பயனர் பெயர் கேட்கும்வரை பொறு, கடவுச்சொல்லை அனுப்பு என்று வரி வரியாக. மோடத்தின் கீச்சொலி அடங்கி ஐபி முகவரி திரையில் தோன்றினால் பெருமூச்சு வரும்.

1995 ஆகஸ்டில் அரசு நிறுவனமான விஎஸ்என்எல் இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்ட முதல் நகரங்களில் மெட்ராஸும் ஒன்று. மலிவான ‘ஷெல்’ கணக்கு வைத்திருந்தவர்களுக்கு வெறும் எழுத்துத்தான். லிங்க்ஸ் உலாவியில் படமே தெரியாது. நெட்ஸ்கேப்பில் படத்தோடு பார்க்க டிசிபி/ஐபி கணக்கு வேண்டும், கட்டணமும் அதிகம், கூடவே விண்டோஸில் ஒரு வின்சாக் கோப்பும் வேண்டும்.

பெரும்பாலானோர் டாட்டம் கேட்ட அந்த 25 டாலரை அனுப்பவில்லை. ஓஸ்இமெயில் என்ற ஆஸ்திரேலிய இணையச் சேவை நிறுவனம் ட்ரம்பெட் வின்சாக்கை அனுமதியின்றிப் பத்திரிகைகளோடு வந்த வட்டுகளில் விநியோகித்தது. வழக்கு ஆஸ்திரேலியாவின் ஃபெடரல் நீதிமன்றம் வரை போய், 1996-இல் டாட்டமின் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ந்தது. ஷேர்வேர் என்றால் பொதுச்சொத்து இல்லை என்று ஒரு நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. 2011-இல் இந்தக் கதை மறுபடி வெளிச்சத்துக்கு வந்தபோது, பழைய பயனர்கள் பலர் பதினைந்து ஆண்டுக் கடனாக நினைத்து அவருக்குப் பணம் அனுப்பினார்கள்.

மைக்ரோசாஃப்டுக்குள்ளே இதே காலத்தில் ஜே அலார்ட் என்ற இளைஞர் இருந்தார். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் படித்து, 1991-இல் சேர்ந்தவர். வின்சாக் விவரக்குறிப்பில் பெயர் போட்டவர்களில் இவரும் ஒருவர். டிசிபி/ஐபி வேண்டுமென்று வாடிக்கையாளர்கள் கத்துகிறார்கள், அது என்னவென்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை, அந்தத் தலைவலியை ஒழி என்கிற ரீதியில் நிறுவனத்தின் மேலதிகாரி ஸ்டீவ் பால்மர் சொன்னதாக அலார்ட் பின்னாளில் நினைவுகூர்ந்ததுண்டு. 1994 ஜனவரி 25 தேதியிட்ட அலார்டின் குறிப்பு, இணையத்தில் விண்டோஸ் முதலிடம் பிடிக்க வேண்டும் என்று வாதிட்டது. அடுத்த மாதம் பில் கேட்ஸின் தொழில்நுட்ப உதவியாளர் ஸ்டீவன் சினோஃப்ஸ்கி, பனிப்பொழிவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாட்டிக்கொண்டார். மாணவர்கள் பாடத்திட்டத்தையும் அஞ்சலையும் நெட்வொர்க்கிலேயே பார்ப்பதைக் கண்டு மிரண்டு, தானும் எழுதினார். கேட்ஸின் புகழ்பெற்ற ‘இணையப் பேரலை’ குறிப்பு வந்தது 1995 மே 26-இல்தான். கீழிருந்து மேலே போய்ச் சேர பதினாறு மாதம்.

விண்டோஸ் 95 அந்த ஆகஸ்டில் வந்தபோது டிசிபி/ஐபி பெட்டியிலேயே இருந்தது. ஆனால் நெட்வொர்க் அட்டை பொருத்தினால் தானாக ஏறியவை நெட்பியூயி, நாவெலின் ஐபிஎக்ஸ் ஆகிய அலுவலக நெட்வொர்க் முறைகள். இணையத்தை நாமே தேடிச் சேர்க்க வேண்டும். எனினும் மோடம் இணைப்புக்கும் வின்சாக்குக்கும் வெளியாரைத் தேட வேண்டிய அவசியம் போய்விட்டது. டாட்டமின் சந்தை கரைந்தது.

கதவு திறந்ததும் யார் யாரோ உள்ளே வந்தார்கள். 1997-இல் ‘வின்நியூக்’: 139-ஆம் போர்ட்டுக்கு ‘அவசரம்’ என்று குறியிட்ட ஒரு சிறு பொட்டலம் அனுப்பினால் விண்டோஸ் 95 நீலத்திரையில் நின்றுவிடும். அரட்டை அறைச் சண்டைகளில் இதை ஏவிச் சிரித்தார்கள். 2001-இல் கோட் ரெட் புழு மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் வலை சர்வர்களைத் தேடித்தேடிப் பிடித்தது. அதே ஆண்டு வரவிருந்த எக்ஸ்பி, பொட்டலத்தின் தலைப்பை விருப்பம்போல எழுதவிடும் ‘ரா சாக்கெட்’ வசதியை எல்லா வீட்டுக்கும் தரப்போகிறது என்று கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் ஸ்டீவ் கிப்சன் கூச்சலிட்டார். அவர் மிகைப்படுத்துகிறார் என்றார்கள் பலர். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் புழு வந்தது. அறுபது விநாடியில் கணினி நிற்கப்போகிறது என்று எண்ணிக்கை இறங்கும் அந்தச் சிறு சாளரத்தை, சிடி கடைக்காரர் முதல் கல்லூரி ஆய்வக உதவியாளர் வரை அன்றைக்குப் பார்க்காதவர் குறைவு. ஓட்டையை அடைக்கும் திருத்தம் முந்தைய மாதமே வந்திருந்தது. எக்ஸ்பியில் ஃபயர்வாலும் இருந்தது, அணைத்து வைக்கப்பட்டபடி.

2004 ஆகஸ்டின் சர்வீஸ் பேக் 2 அந்த ஃபயர்வாலை எல்லோருக்கும் இயக்கிவிட்டது. ரா சாக்கெட் வழியே டிசிபி தரவு அனுப்புவதையும் நிறுத்தியது. பத்தாண்டு திறப்பதே வேலையாக இருந்த தொழிலில், இப்போது எதை மூடலாம் என்று பட்டியல் போடுவது தனி வேலையானது. அலார்ட் அதற்குள் எக்ஸ்பாக்ஸ் பக்கம் போயிருந்தார். அந்தப் பெட்டியில் டயல்-அப் மோடம் கிடையாது, ஈதர்நெட் துளை மட்டும்தான். 2002 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் லைவ் தொடங்கியது.

மூடுவது திறப்பதைவிடக் கடினம். எஸ்எம்பியின் முதல் பதிப்பைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள் என்று அதைப் பராமரித்த மைக்ரோசாஃப்டின் நெட் பைல் என்பவர் 2016 செப்டம்பரில் வெளிப்படையாகவே கெஞ்சினார். பழைய ஸ்கேனரும் பழைய சேமிப்புப் பெட்டியும் அதைத்தான் பேசும் என்று அலுவலகங்கள் விடவில்லை. 2017 மே 12-இல் வான்னாகிரை என்ற புழு அந்த வழியாகவே நுழைந்து பிரிட்டனின் மருத்துவமனைகளை முடக்கியது. அந்த ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்துதான், புதிதாக நிறுவும் கணினிகளில் எஸ்எம்பியின் முதல் பதிப்பு தானாக ஏறுவது நின்றது. பழைய ஸ்கேனருக்கு வேண்டும் என்பவர்கள் அமைப்புகளுக்குள் போய் அதைத் தேடி எடுத்து இயக்கிக்கொள்கிறார்கள்.