ஆறு விதவைகள், ஒரு பங்கு

சக்களத்தி என்ற சொல்லுக்கு நம் பேச்சில் ஆண்பால் கேட்டதில்லை. ஒருத்தனுக்கு வாழ்க்கைப்பட்ட இரண்டு பெண்களைக் குறிக்கும் அந்தச் சொல்லிலேயே சண்டையும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. 'சக்களத்திச் சண்டை' என்றதும் குடுமிப்பிடிதான் ஞாபகம் வரும். புருஷன் எங்கே என்று யாரும் தேடுவதில்லை.

இதைப் பொறாமை என்று சொல்லி முடித்துவிடுகிறோம். பொறாமை இருக்கும்தான். ஆனால் அதற்கு அடியில் சொத்துக் கணக்கு ஒன்றும் ஓடுகிறது. அதைப் பச்சையாகக் காட்டியது 1908இல் தீர்ப்பான சிங்கப்பூர் வழக்கு. 'ஆறு விதவைகள் வழக்கு' என்றே சட்ட வரலாற்றில் அதற்குப் பெயர்.

சூ எங் சூன் என்ற சீனர் சொத்தை விட்டுவிட்டு, உயில் எழுதாமல் இறந்துபோனார். நான்தான் மனைவி என்று ஆறு பெண்கள் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். அன்று இங்கே செல்லுபடியான ஆங்கிலேயச் சட்டப்படி, பிள்ளைகள் இருந்தால் விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு. அந்தச் சட்டம் ஒரே ஒரு விதவையை மனதில் வைத்து எழுதப்பட்டது. சீன வழக்கத்திலோ மூத்த மனைவி ஒருத்திதான். பிறகு வருபவர்கள் அவளுக்குக் கீழ்ப்படியில் இருக்கும் துணை மனைவிகள்.

நீதிமன்றம் துணை மனைவிகளையும் விதவைகளாக ஏற்றது. அந்த மூன்றில் ஒரு பங்கை விதவைகள் தங்களுக்குள் பிரித்துக்கொள்ள வேண்டும். மூத்தவளுக்கு இது அநியாயம், அவளுடைய தனி இடம் போய்விட்டது. இளையவளுக்கு இது நியாயம், வாழ்ந்த வாழ்க்கைக்கு ஒரு அங்கீகாரம் கிடைத்தது. இரண்டுமே உண்மை. ஆனால் பங்கின் அளவு மாறவில்லை. பக்கத்தில் நிற்பவள் மனைவியே இல்லை என்று நிரூபித்தால்தான் தன் பங்கு கூடும். இப்படி ஒரு கணக்குக்குள் ஆறு பேரை நிறுத்திவிட்டு, பெண்ணுக்குப் பெண்தான் எதிரி என்று சொல்வது எவ்வளவு சுலபம்!

கணக்கையே மாற்ற வேண்டும் என்று கிளம்பியவர்களும் பெண்கள்தான். 1952இல் சிங்கப்பூர்ப் பெண்கள் மன்றம் உருவானது. சீன, மலாய், இந்தியப் பெண்கள் அதில் சேர்ந்தார்கள். பம்பாயில் பிறந்த ஷிரின் ஃபோஸ்தார் முன்னின்று உழைத்தார். ஒருவனுக்கு ஒருத்தி என்பதே அவர்களின் முக்கியக் கோரிக்கை. மனைவிமார்களை விட்டுவிட்டு, ஆணின் உரிமையை நோக்கி அவர்கள் விரல் நீட்டினார்கள். 1959 தேர்தலில் முதன்முறையாக ஓட்டுப் போடுவது கட்டாயமானது. பெண்களின் ஓட்டுக்கும் மதிப்பு கூடியது. மக்கள் செயல் கட்சி அந்தக் கோரிக்கையைக் கையில் எடுத்து, 51 இடங்களில் 43ஐ வென்றது. அக்கட்சியின் சான் சோய் சியோங் சட்டமன்றத்தில் இதற்காகத் தொடர்ந்து பேசினார். 1961இல் மாதர் சாசனம் வந்தது. முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம். மற்றவர்களுக்கு இரண்டாம் திருமணம் செல்லாது என்றானது. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு இதே நிலை வர 1982 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இது பெரிய வெற்றி, சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கும் ஒரு விலை இருந்தது. 1908இல் விதவை என்று ஏற்கப்பட்ட துணை மனைவியின் இடம் சட்டத்திலிருந்து மறைந்தது. ஆண்கள் அதோடு நிறுத்திக்கொண்டார்களா என்ன? துணை மனைவி 'சின்ன வீடு' ஆனாள். அவள் பிள்ளைக்குப் பராமரிப்புச் செலவு கேட்கலாம். தகப்பன் உயில் எழுதாமல் செத்தால் அவளுக்குப் பங்கு இல்லை. முன்பு ஒரே பங்குக்காக மோதியவர்கள், இப்போது வேலிக்கு உள்ளே ஒருத்தி, வெளியே ஒருத்தி என்று நிற்கிறார்கள். வேலியை எந்நேரமும் தாண்டிப் போய்வருகிறவன் மட்டும் அதே ஆள்தான்.

நடுரோட்டில் இரண்டு பெண்கள் அடித்துக்கொள்ளும் காணொளி இன்றைக்கும் நம் கைப்பேசிக்கு வருகிறது. சிரிப்புப் பொம்மை போட்டு அடுத்தவருக்கு அனுப்புகிறோம். அனுப்புவதற்கு முன் ஒன்று யோசிக்கலாம். வீடு யார் பேரில் இருக்கிறது? சேமநிதி யாருக்குப் போகும்? அந்த ஆள் எங்கே நிற்கிறான்?