ரேஷன்: ஆற்காட்டுக் கஞ்சி முதல் ஏலகிரி பாக்கெட் வரை

ரேஷன் என்றதும் நம் எல்லோருக்கும் ஞாபகம் வருவது கார்டு, க்யூ, சர்க்கரை, பாமாயில். ஆனால் அது முதலில் பட்டாளத்துச் சொல். ஒரு சிப்பாய்க்கு ஒரு நாளைக்கு இவ்வளவு மாவு, இவ்வளவு பருப்பு, இவ்வளவு உப்பு என்று அளந்து கொடுப்பதுதான் ரேஷன். இன்னொரு சொல்லும் இருக்கிறது: பேட்டா. கோடம்பாக்கத்தில் லைட் பாய்க்கும் லாரி டிரைவருக்கும் கொடுக்கிறார்களே, அதேதான். கிழக்கிந்தியக் கம்பெனி தன் சிப்பாய்களுக்குச் சம்பளத்துக்கு மேல் கொடுத்த படிக்காசின் பெயர் அது. இரண்டு சொல்லும் பாரக்ஸை விட்டு வெளியே வந்து நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டன. எப்படி வந்தன என்று தேடப் போய்த்தான் இந்தப் பதிவு இவ்வளவு நீளமாகிவிட்டது. பொறுத்தருள்க :-)

தேட ஆரம்பித்ததற்குக் காரணம் செமஸ்டர் லீவில் போன ஒரு கேம்பிங். மயிலாப்பூர், அடையாறு பசங்க நாலு பேர், இடம் ஏலகிரி. எங்களில் ஒருவனுக்கு ராணுவப் பைத்தியம். "ஜவான் சாப்பிடற மாதிரிதான் சாப்பிடணும், அடுப்பு, பாத்திரம் எதுவும் கிடையாது" என்று சட்டம் போட்டுவிட்டான். ராணுவத்துக்கென்று போகும் ரேஷன் பெட்டி கடையில் விற்கிற சரக்கு இல்லை. ஆனால் அதே தொழில்நுட்பத்தில் செய்த பாக்கெட்டுகள் தி.நகரில் எந்தப் பெரிய மளிகைக் கடைக்குப் போனாலும் வரிசையாக இருக்கும். பிசிபேளாபாத், பொங்கல், ராஜ்மா, பாலக் பனீர் என்று அள்ளிப் பைக்குள் போட்டோம். அந்தச் சட்டத்தை மீறி ஒருவன் அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரையையும் கொண்டுவந்தான். அவனைப் பற்றிப் பிறகு.

பெங்களூர் ரோட்டில் பஸ் ஆற்காட்டைத் தாண்டியபோது எனக்கு 1751 ஞாபகம் வந்தது. ஸ்கூல் சரித்திரப் புத்தகத்தில் எல்லோரும் படித்ததுதான். திருச்சியில் முகமது அலியை சந்தா சாகிப் முற்றுகையிட்டிருந்தார். அவர் கவனத்தைத் திருப்ப ராபர்ட் கிளைவ் சுமார் 200 ஐரோப்பியர், 300 சிப்பாய்களோடு மெட்ராஸிலிருந்து கிளம்பி ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்தார். அதன்பின் சந்தா சாகிப்பின் மகன் ராஜா சாகிப் வந்து கோட்டையைச் சூழ்ந்துகொண்டார். முற்றுகை ஏறக்குறைய 50 நாள். உள்ளே சாப்பாடு தீர்ந்துகொண்டே வந்தது.

அப்போது சிப்பாய்கள் கிளைவிடம் போய், "சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுங்கள், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும்" என்று சொன்னார்களாம். இந்தக் கதையை உலகம் முழுக்கக் கொண்டுபோனது மெக்காலே 1840ல் கிளைவைப் பற்றி எழுதிய கட்டுரை. விசுவாசத்துக்கு உதாரணமாக அதைச் சொன்னார். அதைப் படித்துப் பல தலைமுறை ஆங்கிலேயர்கள் உருகினார்கள்.

எனக்கு உருக்கம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. அந்தச் சிப்பாய்கள் ஒருவரும் ஒரு வரி எழுதி வைக்கவில்லை. சோற்றை விட்டுக்கொடுத்தது விசுவாசத்திலா, பழக்கத்திலா, வேறு வழியில்லாமலா என்று அவர்களைக் கேட்கவும் யாரும் இல்லை. ஒன்று மட்டும் நிச்சயம். பசியை யார் தாங்க வேண்டும் என்ற கணக்கு நம் ஊர்ப் பட்டாளத்தின் முதல் நாளிலிருந்தே இருக்கிறது.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கம்பெனி தன் சிப்பாய்க்குச் சமைத்துப் போடவே இல்லை. காசு கொடுத்தது. சிப்பாய் ரெஜிமெண்ட்டோடு கூடவே நகரும் பஜாரில் அரிசி, பருப்பு வாங்கித் தானே பொங்கித் தின்றான். மெட்ராஸ் ராணுவத்தில் பல சிப்பாய்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடேயே முகாமுக்கு முகாம் போனார்கள். சிக்கனம் ஒரு காரணம், சாதி பெரிய காரணம். யார் கை பட்டது, எந்தச் சட்டியில் வெந்தது என்பதெல்லாம் கேள்வி. பொதுச் சமையல், அமைதிக் காலத்திலும் இலவச ரேஷன் என்பதெல்லாம் முறையாக வந்தது முதல் உலகப் போரை ஒட்டித்தான்.

இதே காலத்தில் ஐரோப்பாவில் கதையே வேறு. படைக்கு உணவைக் கெடாமல் வைக்க வழி சொல்பவருக்குப் பரிசு என்று பிரெஞ்சு அரசு அறிவித்திருந்தது. நிக்கோலா அப்பேர் என்கிற மிட்டாய்க்காரர் கண்ணாடிப் பாட்டிலில் உணவை அடைத்து, மூடி, கொதிநீரில் வேகவைத்துக் காட்டி 1810ல் 12,000 பிராங்க் வாங்கினார். ஏன் கெடவில்லை என்பது அவருக்கே தெரியாது. பாஸ்டர் அப்போது பிறக்கவே இல்லை! அடுத்த சில வருஷங்களில் இங்கிலாந்தில் தகர டப்பா வந்தது. டப்பா திறக்கும் கருவி வர இன்னும் 40 வருஷத்துக்கு மேல் ஆனது. அதுவரை உளியும் சுத்தியலும்தான். அந்த டப்பாக்கள் மெட்ராஸுக்கும் வந்தன, மவுண்ட் ரோடு ஸ்பென்சரில் துரைமார் வாங்கினார்கள். சிப்பாய்க்கு அதனால் பிரயோஜனம் இல்லை. உள்ளே இருப்பது மாடா, பன்றியா என்று தெரியாத டப்பாவை அவன் எப்படித் தொடுவான்?

இதன் விலை என்ன என்று குட் அல் அமாராவில் தெரிந்தது. இன்றைய இராக்கில் டைக்ரிஸ் ஆற்று வளைவில் இருக்கும் சின்ன ஊர். 1915 டிசம்பரில் ஜெனரல் டவுன்ஷெண்டின் படையை அங்கே துருக்கியர் வளைத்தார்கள். படையில் பெரும்பாலானோர் இந்தியர். சாப்பாடு குறையக் குறையக் குதிரைகளை வெட்ட ஆரம்பித்தார்கள். வெள்ளைச் சிப்பாய்கள் குதிரை மாமிசம் சாப்பிட்டார்கள். இந்தியச் சிப்பாய்களில் மிகப் பலர் மாட்டேன் என்றார்கள். ஊர் திரும்பினால் சாதிக்காரன் என்ன சொல்வான், பெண் கொடுப்பானா என்ற பயம். சாப்பிடலாம், தப்பில்லை என்று இந்தியாவிலிருந்த மதத் தலைவர்களிடம் அனுமதி வாங்கித் தந்தி அடித்தார்கள். அப்படியும் கடைசிக் கட்டத்தில்தான் பலர் இறங்கி வந்தார்கள்.

அங்கே நடந்த ஒரு வினோதத்தை உணவு விஞ்ஞானத்தில் இன்றும் சொல்கிறார்கள். வெள்ளைச் சிப்பாய்களுக்கு பெரிபெரி வந்தது, இந்தியர்களுக்கு ஸ்கர்வி வந்தது. ஒரே கோட்டை, ஒரே பட்டினி, இரண்டு வெவ்வேறு நோய்! வெள்ளையர் தின்றது தவிடு நீக்கிய வெள்ளை மாவு ரொட்டி, அதில் பி1 வைட்டமின் இல்லை. இந்தியர் தின்றது ஆட்டா, அதனால் பெரிபெரி இல்லை. ஆனால் காய்கறியும் இல்லை, ஓரளவு சி வைட்டமின் கொடுத்திருக்கக்கூடிய குதிரை மாமிசமும் இல்லை, அதனால் ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது. விமானத்திலிருந்து மூட்டை மூட்டையாக உணவு போட்டுப் பார்த்தார்கள். போதவில்லை. 1916 ஏப்ரல் 29 அன்று சரணடைந்தவர்கள் சுமார் 13,000 பேர். அவர்களில் ஆயிரக்கணக்கானோர் பாலைவன நடையிலும் சிறை முகாம்களிலும் செத்துப்போனார்கள்.

(பி1 நீரில் கரையும் சத்து. சோறு வடித்தால் அதில் ஒரு பங்கு கஞ்சியோடு போய்விடும். ஆற்காட்டுச் சிப்பாய்களுக்குக் கிடைத்தது அந்தக் கஞ்சி. ஆனால் வயிறு நிறைய மாவுச்சத்து வேண்டுமே, அது சோற்றில் அல்லவா இருக்கிறது.)

அடுத்த போர் மெட்ராஸையே பட்டாளம் மாதிரி சாப்பிட வைத்தது. 1942 மார்ச்சில் ஜப்பான் ரங்கூனைப் பிடித்தது, பர்மா அரிசி நின்றது. ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு விழ, நகரமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. 1943ல் மெட்ராஸ் நகரத்தில் ரேஷன் வந்தது. தலைக்கு இவ்வளவு அரிசி என்று அளவு. போதாததற்குக் கோதுமை. சப்பாத்தி என்றால் வடக்கத்திக்காரர்கள் சாப்பிடுவது என்றிருந்த பல மயிலாப்பூர் வீடுகளில் கோதுமை சாதாரணமாக நுழைந்தது இப்படித்தான். பெங்களூர் எம்.டி.ஆர். ஹோட்டல்காரர்கள், அரிசி கிடைக்காத அந்தக் காலத்தில்தான் ரவையில் இட்லி செய்து பார்த்தோம் என்கிறார்கள். போர் முடிந்தும் கட்டுப்பாடு போகவில்லை. 1952ல் முதலமைச்சரான ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை ஒரேயடியாக நீக்கினார். அவர் வீடு தி.நகர் பஸ்லுல்லா ரோட்டில், நாங்கள் பாக்கெட் வாங்கிய கடையிலிருந்து நடக்கும் தூரம்தான். கட்டுப்பாடு போனது, பிறகு வேறு வடிவத்தில் திரும்பி வந்தது. 'ரேஷன்' என்ற சொல் மட்டும் நடுவில் எங்கேயும் போகவில்லை.

சரி, பாக்கெட்டுக்கு வருவோம். 1961 டிசம்பரில் மைசூரில் பாதுகாப்புத் துறை ஓர் உணவு ஆராய்ச்சிக்கூடம் தொடங்கியது. பெயர் டி.எஃப்.ஆர்.எல். பத்து மாதத்தில் சீனாவோடு போர். நம்கா சூ பள்ளத்தாக்கில் நம் ஜவான்கள் பருத்திச் சீருடையில், அரைவயிற்றோடு நின்றார்கள். விமானம் போட்ட மூட்டைகளில் பெரும்பகுதி எட்டாத பள்ளங்களில் விழுந்தது. அடுப்பு மூட்டிப் பருப்பு வேகவைக்கிற உயரமும் அது இல்லை. உயரம் போகப் போகத் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், பருப்பு மட்டும் வேகாது. ஊரிலேயே வேகவைத்து அனுப்புவது ஒன்றே வழி.

இதற்கான பாக்கெட்டை முதலில் உருவாக்கியது அமெரிக்க ராணுவத்தின் நேட்டிக் ஆய்வகமும் சில கம்பெனிகளும். வெளியே பாலியஸ்டர், நடுவே அலுமினியத் தாள், உள்ளே பாலிப்ரொப்பிலீன். சமைத்த உணவை அடைத்து, ஒட்டி, பெரிய பிரஷர் குக்கர் மாதிரியான கலத்தில் 121 டிகிரியில் வைப்பார்கள். பாக்கெட் வெடிக்காமலிருக்க வெளியிலிருந்தும் அழுத்தம் கொடுப்பார்கள். டப்பாவைவிட இது ஏன் தேவலை? தட்டையாக இருப்பதால் சூடு நடுவரை சீக்கிரம் போகிறது, ஓரம் குழைந்துபோவதில்லை. கிருமி அத்தனையும் செத்துவிடுவதால் ரசாயனம் எதுவும் சேர்க்க வேண்டியதில்லை.

மைசூர்க்காரர்கள் செய்த பெரிய வேலை, அதற்குள் எதைப் போடுவது என்பது. அமெரிக்கப் பாக்கெட்டுக்குள் மாட்டிறைச்சி ஸ்டியூ. இவர்கள் புலாவ், ஆலு மட்டர், ரவா அல்வா, மாதக்கணக்கில் கெடாத சப்பாத்தி என்று போனார்கள். 1984ல் ராகேஷ் சர்மா சோயூஸில் போனபோதும் மைசூர் அல்வா கூடவே போனது. என்னைக் கேட்டால், அலுமினியத் தாளைவிட இந்த மெனுதான் பெரிய கண்டுபிடிப்பு. குட்டில் பட்டினி கிடந்தவனுக்குத் தேவைப்பட்டது விஞ்ஞானம் மட்டுமில்லை, 'இது நான் சாப்பிடக்கூடியது' என்று நம்பித் திறக்க ஒரு பொட்டலம். அதை அவனுக்குக் கொடுக்க யாரும் நினைக்கவில்லை. 2000ஆம் ஆண்டுவாக்கில் இந்தத் தொழில்நுட்பத்தை எம்.டி.ஆர். போன்ற நிறுவனங்கள் வாங்கின. பாக்கெட் கடைக்கு வந்தது.

ஏலகிரி ரிசல்ட். 14 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஒரு விவசாயி வாடகைக்கு விட்ட நிலத்தில் கூடாரம் போட்டோம். முதல் நாள் ராத்திரி போட்டியே இல்லை, புளியோதரை ஜெயித்தது. அதுவும் ஒரு ராணுவத் தொழில்நுட்பம் மாதிரிதான். புளியின் புளிப்பில் கெட்ட கிருமிகள் சுலபமாக வளராது, எண்ணெய் ஈரத்தைக் குறைக்கிறது. நம் பாட்டிகள் கட்டுச்சோறு கட்டியபோது பி.எச். எண் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் மறுநாள் மத்தியானம் பொட்டலத்தைத் திறந்தபோது வாசனை மாறியிருந்தது. பாக்கெட் சிரித்தது.

ராத்திரி முழுக்க மழை பெய்து விறகு நனைந்துவிட்டதால் வெந்நீர் போடவும் வழியில்லை. ராஜ்மாவைப் பச்சைத் தண்ணீர் சூட்டிலேயே பிழிந்து சாப்பிட்டோம். பரவாயில்லை. பிசிபேளாபாத்தில் நெய் உறைந்து மேலண்ணத்தில் ஒட்டியது. பொங்கலில் மிளகு இருந்தது, ஆனால் கடித்தால் நொறுங்காமல் அமுங்கியது. 121 டிகிரி அதற்குக் கொடுத்த தண்டனை. மூன்றாவது வேளையில் எல்லாமே ஒரே மாதிரி ருசித்தது. இன்னொன்று, கனம். 300 கிராம் பாக்கெட்டில் பெரும்பங்கு தண்ணீர். நாலு பேருக்கு இரண்டு நாள் என்றால் தோள்பட்டை சொல்லும். ராணுவம் உலர்ந்த உணவையும் விடாமல் வைத்திருப்பது ஏன் என்று அங்கே புரிந்தது.

என் நண்பனின் அப்பா, ரிடையர்டு ஹவில்தார், நாங்கள் திரும்பி வந்து அளந்ததையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தார். மலைமேல் அவருக்குப் பிடித்தது இந்த பாக்கெட் எதுவுமில்லையாம், பாக்கெட்டில் போட்டுக் கடித்துக்கொண்டே நடக்கிற சக்கர்பாராதான். "சூடு பண்ண வேண்டாம், திறக்க வேண்டாம், சத்தம் வராது தம்பி" என்றார். சத்தம் என்கிற கோணம் எங்கள் நாலு பேருக்கும் தோன்றவே இல்லை.

இப்போது இந்த பாக்கெட்டுகளை எங்கள் பக்கத்தில் அதிகம் வாங்குவது மலையேறுபவர்களும் இல்லை, ஜவான்களும் இல்லை. ஜூலை மாதம் மயிலாப்பூர், அடையாறு மளிகைக் கடைகளில் நின்று பார்த்தால் தெரியும். எம்.எஸ். படிக்க அமெரிக்கா போகிற பையனும் அவன் அம்மாவும் பெட்டிக்கு 23 கிலோ என்று கணக்குப் போட்டு பாக்கெட்டுகளைக் கையில் எடை பார்த்துக்கொண்டிருப்பார்கள். போன வருஷம் போன எங்கள் சீனியருடைய லிஸ்ட்டில் பிசிபேளாபாத் 12, பொங்கல் 6. கடைசியில் எடை தாங்காமல் பொங்கலை எடுத்துவிட்டு ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் வைத்தார்களாம்.