ஐந்து வோல்ற்றின் கதை

வோல்ற்றளவு ஒழுங்காக்கி என்ற பெயரைக் கேட்டிராதவர்களும் அதன் தேவையை அறிந்திருந்த காலம் ஒன்று உண்டு.

1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரத்தை இழந்தது. பொருளாதாரத் தடைக்குள் பற்றரியும் அகப்பட்டது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுழற்றி, டைனமோவின் மின்னில் மக்கள் வானொலிச் செய்தி கேட்டனர். டைனமோ தருவது ஆடலோட்டம். அதை இருவாயிகளால் நேராக்க வேண்டும். வேகம் கூடினால் வோல்ற்றளவும் கூடும்; குறைந்தால் குரல் மங்கும். சுழற்றுபவரின் கைதான் அங்கே ஒழுங்காக்கி.

அவ்வேளையில் அந்த வேலையைச் செய்யும் மூன்று கால் சில்லு உலகில் இருபது வயதை எட்டியிருந்தது. நேஷனல் செமிகொண்டக்டர் நிறுவனத்தில் பொப் விட்லர் வடிவமைத்த எல்.எம். 309, 1970ஆம் ஆண்டளவில் ஐந்து வோல்ற்றை நிலையாகத் தந்தது. பின்னர் 7805 வந்தது. 1976இல் பொப் டொப்கினின் எல்.எம். 317, வேண்டிய அளவுக்கு மாற்றிக்கொள்ளும் வசதியைத் தந்தது.

அதே 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களிற் பெரும்பாலோர் தஞ்சமடைந்தது புத்தளம், கற்பிட்டிக் கரையில். அகதிகள் கொட்டில் அமைத்த அக்கரையிலேயே பின்னாளில் 900 மெகாவாற்று நுரைச்சோலை அனல்மின் நிலையம் எழுந்தது. மாம்புரியில் காற்றாலைகள் சுழல்கின்றன.

அம்மக்களின் பேரப்பிள்ளை ஒருவர் இன்று புத்தளம் களப்பின் நீர் வெப்பத்தை அளக்க நுண்கட்டுப்படுத்தி ஒன்றை அமைக்கிறார் என்று கொள்வோம். சூரியப்படலும் 12 வோல்ற்று பற்றரியும் உண்டு. 7805ஐப் பூட்டினால் மிகுதி ஏழு வோல்ற்றும் வெப்பமாகவே போகும்: 100 மில்லியம்பியருக்கு 0.7 வாற்று வீண், பயனோ 0.5 வாற்றுத்தான். சும்மா இருக்கும்போதும் அது ஏறத்தாழ 5 மில்லியம்பியரை, அதாவது நாளொன்றுக்கு 120 மில்லியம்பியர் மணியை, உண்ணும். ஆகவே ஆளி முறையில் இயங்கும் இறக்கு மாற்றியே, அதிலும் ஓய்வில் மிகக் குறைவாக உண்பதே, அங்கு பொருந்தும். வீட்டுச் சுவர் மின்னில் இயங்கும் சிறு கருவிக்கோ, மலிவும் எளிமையும் கொண்ட 7805 போதும்.

சில்லைத் தெரிவு செய்வது இன்று சில நிமிட வேலை. அன்று குடாநாட்டில் தெரிவு என்பதே இருக்கவில்லை. ஒரு பற்றரிகூடத் தடைப்பொருள். நுட்பம் பிறந்த ஆண்டைவிட, அது சாதாரண மனிதனின் கைக்கு எட்டிய ஆண்டே வரலாற்றில் முக்கியமானது.