வாடியும் ஆலையும்: மட்டக்களப்பு வாவிக்கரையில் தொழில்தருநரின் சட்டக் கடமைகள்

வேலைக்கு ஆள் அமர்த்துகிறவர் அந்த ஆளின் உயிருக்கும் உடலுக்கும், சில தொழில்களில் அவர் படுத்துறங்கும் இடத்துக்கும், சட்டப்படி ஏற்க வேண்டிய பொறுப்பே தொழில்தருநரின் கடமை எனப்படுகிறது. இலங்கையில் இந்தப் பொறுப்பு ஒரே சட்டத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. பிரித்தானியர் காலத்துக் கட்டளைச் சட்டங்கள், சுதந்திரத்துக்குப் பிந்திய சட்டங்கள், அவ்வப்போது வந்த திருத்தங்கள் எனப் பல இடங்களில் அது சிதறிக் கிடக்கிறது. மட்டக்களப்பு வாவியைச் சுற்றி உழைப்பவர்களுக்கு அது சமமாக எட்டவும் இல்லை. ஆலைக் கூரையின் கீழ் நிற்பவரைத் தாங்கும் அளவுக்கு, வயலிலும் கடலிலும் நிற்பவரை அது தாங்குவதில்லை.

வாவி ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளம். கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் நடுவில் மக்கள் நெருங்கி வாழும் எழுவான்கரை. மேற்கே நெல்வயல்கள் விரிந்த படுவான்கரை. வயல் ஒரு கரையில், வீடு மறு கரையில் என்ற நிலை பலருக்குத் தலைமுறைகளாக இருந்தது. ஆகவே விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் உழைப்பாளிகள் வட்டை எனப்படும் வயல்வெளியிலேயே தங்கினார்கள். அவர்கள் தங்கிய குடிசைக்குப் பெயர் வாடி. காட்டுக் கம்பு நட்டு, கிடுகோ வைக்கோலோ வேய்ந்து, தரையில் பாய் விரித்தால் வாடி தயார். நிலம் போடியார் எனப்படும் நிலவுடைமையாளருடையது. முன்னின்று வயல் பார்ப்பவர் முல்லைக்காரர். சாப்பாடும் வாடியும் விதைநெல் முற்பணமும் போடியார் பொறுப்பு என்பது வழக்கம். அந்த வழக்கத்தில் அக்கறை இருந்திருக்கலாம், ஆனால் உரிமை இருக்கவில்லை. ஒழுகும் வாடிக்காகப் போடியாரை எந்த மன்றிலும் நிறுத்த முடியாது. பிலிப் குணவர்தன கொண்டுவந்த 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயியின் காணி உரிமையைப் பற்றிப் பேசியது. கூலிக்கு நாற்று நட்டவர் எங்கே படுப்பார் என்ற கேள்வி அதன் எல்லைக்கு வெளியே நின்றது.

பணியிடப் பாதுகாப்பின் மூலச்சட்டம் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். தொழிற்சாலை கட்டுவதற்கு முன்பே வரைபடத்துக்கு ஒப்புதல் பெற வேண்டும். சுழலும் சக்கரங்களுக்கும் பட்டிகளுக்கும் காப்பு வேலி போட வேண்டும். நீராவிக் கொதிகலனைக் குறித்த காலங்களில் தகுதியுடையவரைக் கொண்டு பரிசோதிக்க வேண்டும். குடிநீர், முதலுதவிப் பெட்டி, கழுவுமிடம், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பிடம் இருக்க வேண்டும். விபத்தில் ஒருவர் இறந்தாலோ, மூன்று நாளுக்கு மேல் முழுக்கூலி உழைக்க முடியாமல் போனாலோ தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அறிவிக்க வேண்டும்.

நெல்லை அவித்து அரிசியாக்கும் ஆலை ஒன்றில் இந்தச் சட்டம் முழுவதையும் கண்ணால் காணலாம். கொதிகலன் அங்கே இருக்கிறது, ஓடும் பட்டி இருக்கிறது, உமித்தூசி காற்றில் மிதக்கிறது, அவியல் தொட்டியிலிருந்து ஆவி எழுகிறது. சேலையோ சாரமோ பட்டியில் சிக்குவது ஒரு நொடி வேலை. அதைத் தடுக்கும் காப்பு வேலிக்கு ஆகும் செலவோ சில அடி இரும்பு வலை. இதே நெல்லை விளைவித்த வயலில் உழவு இயந்திரத்தின் அருகே நிற்பவருக்கு இக்கட்டளைச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. வயல் தொழிற்சாலை அல்ல.

ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் திட்டமிடப்பட்ட வாழைச்சேனைக் காகித ஆலை, இந்த இரண்டு உலகங்களையும் ஒரு காலத்தில் இணைத்தது. வயலில் மிஞ்சும் வைக்கோல் அங்கே மூலப்பொருளானது. போரால் முடங்கும் வரை, மாவட்டத்தில் பெருந்தொழிற்சாலை என்ற சொல்லுக்கு அதுவே பொருள்.

தங்குமிடம் பற்றிய சட்டம் இலங்கையில் மலையகத்தின் கதையோடு பிணைந்தது. 1912இல் வந்த மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமும், தொழிலாளரிடையே நோய் பரவுவதைப் பற்றிய கட்டளைச் சட்டமும் லயன்கள் எனப்படும் தோட்டத்து வரிசைக் குடியிருப்புகளின் சுகாதாரத்தை அரசின் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தன. தொழிலாளி நோயில் விழுந்தால் கொழுந்து எடுக்க ஆளில்லை என்ற கணக்கும் அதன் பின்னால் இருந்தது. இந்தியாவில் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், வீடு கொடுப்பதைத் தோட்ட முதலாளியின் கடமை என்று வெளிப்படையாகவே எழுதிவைத்தது. வீடு கொடுத்தால் மட்டும் போதாது, அது நிற்கும் இடமும் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பதை 2014 அக்டோபர் 29 காட்டியது. பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தின் லயன்கள் அன்று காலை மண்சரிவில் புதைந்தன. அது ஆபத்தான நிலம் என்ற எச்சரிக்கை முன்பே விடுக்கப்பட்டிருந்தது.

சர்வதேச தொழில் அமைப்பு 1961இல் வெளியிட்ட 115ஆம் இலக்கப் பரிந்துரை, முதலாளியே நேரடியாக வீடு கொடுப்பது பொதுவில் விரும்பத்தக்கதல்ல என்கிறது. வேலை போனால் கூரையும் போகும், கூரைக்குப் பயந்து வாய் மூடியிருக்க நேரும் என்பது அதற்கான நியாயம். ஆனால் ஊரிலிருந்து வெகுதூரத்தில் வேலை நடக்கும் இடங்களுக்கு அது விலக்கு அளிக்கிறது. படுவான்கரை வாடி அந்த விலக்குக்குள் அப்படியே பொருந்துகிறது. அங்கே கூரை கொடுக்க வேறு யாரும் இல்லை.

கடற்கரையிலும் வாடி உண்டு. வலையும் இயந்திரமும் வைக்கவும், கரைவலை இழுப்பவர் படுக்கவும் அது பயன்படுகிறது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நாவலடி, கல்லடிக் கரைகளில் ஏறிய பிறகு, கிழக்கில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் கட்டடம் கூடாது என்று அரசு முதலில் அறிவித்து, பின்னர் தளர்த்தியது. மீனவருக்கு வேறொரு சிக்கலும் இருக்கிறது. படகில் போகிறவர் பெரும்பாலும் கூலி வாங்குவதில்லை, பிடிபட்ட மீனில் பங்கு வாங்குகிறார். பங்காளி என்று சொல்லிவிட்டால், அவருக்குத் தொழில்தருநர் யார் என்ற கேள்வியே மங்கிப் போகிறது. மீன்பிடித் தொழில் பற்றிய, சர்வதேச தொழில் அமைப்பின் 2007ஆம் ஆண்டின் 188ஆம் இலக்க உடன்படிக்கை, பங்குக்கு உழைப்பவரையும் மீனவர் என்றே எண்ணி, படகில் அவர் தங்குமிடம், உணவு, மருத்துவ உதவி ஆகியவற்றுக்கு விதி வகுக்கிறது. வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து பல நாள் கடலில் தங்கிவரும் படகுகளில், படகே வேலையிடம், படகே வீடு.

வயலின் ஆபத்துகள் பெரும்பாலும் சத்தமில்லாமல் வருகின்றன. சேற்று நீரில் பரவும் எலிக்காய்ச்சல், பாம்புக்கடி, பெரும்போகத் தொடக்கத்து மின்னல், மேற்குப் புறக் கிராமங்களில் யானை, கையுறையோ முகமூடியோ இல்லாமல் தெளிக்கும் நஞ்சு. பரகுவாட் களைநாசினி 2008 தொடக்கம் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2011 அளவில் இலங்கையில் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. அதனால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் ஏராளம். அது தெளிப்பவருக்குக் கையுறை வாங்கிக் கொடுத்த முதலாளிகளின் சாதனையல்ல, பொருளையே சந்தையிலிருந்து அகற்றிய அரசின் முடிவு. எலிக்காய்ச்சலுக்கும் அப்படித்தான். தடுப்பு மாத்திரையைச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம் இலவசமாகக் கொடுக்கிறது. வயற்காரர் செய்ய வேண்டியது தன் ஆட்கள் அதைப் பெற்றார்களா என்று கேட்பது மட்டுமே. கேட்கும்படி சட்டம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும்.

வயலுக்கும் கொஞ்சம் எட்டுகிற சட்டம் ஒன்று உண்டு: 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். வேலையின்போது, வேலையின் காரணமாக நேரும் விபத்துக்கு, முதலாளியின் தவறு நிரூபிக்கப்படாவிட்டாலும் நட்டஈடு உண்டு. அன்றாடக் கூலி என்பதால் மட்டும் ஒருவர் விலக்கப்படமாட்டார், முதலாளியின் தொழிலுக்காக உழைத்திருந்தால் போதும். கொந்தராத்துக்காரர் வழியாக ஆள் எடுத்தாலும் வேலையின் உண்மையான சொந்தக்காரர் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது. 2005இல் 5,50,000 ரூபாயாக இருந்த உச்சவரம்பு 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 20,00,000 ரூபாயானது. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தையும் அதே திருத்தம் உள்ளே கொண்டுவந்தது.

இந்தக் கடைசி மாற்றம் வாவிக்கரைக்குத் தனிப் பொருள் கொண்டது. வாவியைக் கடக்கும் மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும் வரை அந்தத் துறையில் படகுப்பாதையே கதி. இப்போது எழுவான்கரையிலிருந்து கூலிக்குப் போகிறவர் மோட்டார் சைக்கிளில் அன்றே வீடு திரும்பலாம். வாடியில் இரவு கழிக்கும் அவசியம் குறைந்தபோது, ஆபத்து வாடியிலிருந்து வீதிக்கு இடம் மாறியது. விடியற்காலை உழவு இயந்திரப் பெட்டியில் நெருக்கி நின்று போகும் பெண்களுக்கு அந்தப் பயணமும் வேலையின் ஒரு பகுதிதான். சட்டம் இப்போது அதை ஒப்புக்கொள்கிறது.

ஊரை விட்டுப் போகிறவர்களின் நிலை வேறு. கிழக்கிலிருந்து கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்துக்குப் போகும் இளம்பெண்கள் வாடகை போர்டிங் அறைகளில் தங்குகிறார்கள். 1978இல் தொடங்கிய அந்த வலயத்தில் அறை தேடுவது தொழிலாளியின் பாடு. 2020 அக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து கொரோனா பரவியபோது, போர்டிங் அறையின் நெருக்கமும் தொழிற்சாலையின் சுகாதாரமும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. வளைகுடாவில் கத்தார், தொழிலாளர் விடுதியில் ஓர் அறைக்கு நால்வர், ஒருவருக்கு 6 சதுர மீட்டர் என்று அளவு வைத்திருக்கிறது. 2021 முதல் ஜூன் தொடக்கத்திலிருந்து செப்டெம்பர் நடுப்பகுதி வரை காலை 10 மணி முதல் பிற்பகல் 3.30 வரை வெட்டவெளி வேலைக்கும் அங்கே தடை. மட்டக்களப்பின் மாசி, பங்குனி அறுவடை வெயிலுக்கு அப்படியொரு நேரக்கட்டுப்பாடு எழுதப்படவில்லை.

நட்டஈடு கோருவோர் வேலையாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். பணமும் அவர் வழியாகவே சேரும். வழி காட்டவும் முறைப்பாட்டை ஏற்கவும் மட்டக்களப்பிலேயே தொழில் அலுவலகம் இருக்கிறது. பெரும்பாலானவர் தடுக்கி விழுவது சான்றில்தான். வயற்கூலிக்கு வரவுப் பதிவேடு இல்லை, சம்பளச் சீட்டு இல்லை, காசு கைக்குக் கை மாறுகிறது. யார் எந்த நாளில் யாருடைய வயலில் நின்றார்கள் என்பது ஆள் பிடித்துவரும் கொந்தராத்துக்காரரின் சட்டைப்பைக் கொப்பியில் மட்டும் எழுதப்பட்டிருக்கும். விபத்து நடந்த அன்றே அந்தப் பக்கத்தைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துவைத்திருக்கும் குடும்பத்துக்கு, ஆணையாளர் முன் காட்ட ஏதோ ஒன்று கையில் இருக்கிறது.