இருதய வால்வும் பின்னல் துணியும்



இருதய அறுவைச் சிகிச்சைக்கு உதவி வேண்டி வரும் விண்ணப்பங்கள் எந்த ஜமாஅத்துக்கும் புதியவை அல்ல. அவற்றுள் பலவற்றில் 'வால்வு மாற்ற வேண்டும்' என்று மருத்துவர் எழுதியிருப்பார். அந்த வால்வு நம் நாட்டில் உருவான வரலாற்றை, பின்னலாடைத் தொழிலை நம்பி வாழும் நாம் அறிந்துகொள்வது பொருத்தமாகும்.

உடலுக்குள் நூலை வைத்துத் தைக்கும் கலை மிகப் பழமையானது. கார்டோபாவில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, ஏறத்தாழ கி.பி. 1000-ஆம் ஆண்டில் நிறைவு செய்த 'அத்தஸ்ரீஃப்' என்னும் நூலில், அறுவைக் கருவிகளைப் படம் வரைந்து விளக்கினார். விலங்கின் குடலிலிருந்து செய்த நூலால் உள் உறுப்புகளைத் தைப்பதையும் எழுதி வைத்தார்.

நூலுக்குப் பின் துணியும் உடலுக்குள் சென்றது. 1950-களில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர மருத்துவர் மைக்கேல் டிபேக்கி, கடையில் நைலான் துணி கிடைக்காததால் டெக்ரான் என்னும் பாலியெஸ்டர் துணியை வாங்கி, வீட்டுத் தையல் இயந்திரத்தில் குழாயாகத் தைத்தார். லெபனானிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்த அவருக்குத் தையல் கற்றுக்கொடுத்தவர் அவருடைய தாயார். பழுதடைந்த இரத்தக் குழாய்க்கு மாற்றாக அத்துணிக்குழாய் பயன்பட்டது. பின்னர் தையலே இல்லாமல் இயந்திரத்தில் பின்னப்பட்ட குழாய்கள் வந்தன.

அதே காலத்தில், 1952-இல், சார்லஸ் ஹஃப்னாகல் என்னும் மருத்துவர் மனித உடலில் முதன்முதலாகச் செயற்கை வால்வைப் பொருத்தினார். அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர் கேரளத்தின் மாவேலிக்கரையில் பிறந்த டாக்டர் எம்.எஸ். வலியத்தான். அவர் 1974-இல் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா திருநாள் மருத்துவ நிலையத்தின் பொறுப்பை ஏற்றார்.

அன்று நம் நாட்டில் வால்வு பழுதுக்கு முக்கியக் காரணம் ருமாட்டிக் காய்ச்சல். சிறு வயதில் வரும் தொண்டைப் புண்ணைக் கவனியாது விடுவதால் தொடங்கும் இந்நோய் ஏழைக் குடும்பங்களையே அதிகம் தாக்கியது. வெளிநாட்டு வால்வின் விலையோ அவர்களுக்கு எட்டாததாக இருந்தது. எனவே வால்வை இங்கேயே செய்வது என்று வலியத்தான் முடிவு செய்தார். பொறியாளர் ஜி.எஸ். புவனேஸ்வர் உள்ளிட்ட குழுவினர், பூஜப்புரையில் உள்ள பழைய அரண்மனைக் கட்டிடத்தில் அப்பணியில் ஈடுபட்டனர்.

இருதயம் நிமிடத்திற்கு 72 முறை துடிப்பதாகக் கொண்டால், வால்வு ஓர் ஆண்டில் ஏறத்தாழ 3 கோடியே 78 இலட்சம் முறை திறந்து மூட வேண்டும். முதல் மாதிரியில் பற்றவைத்த இடம் முறிந்தது. இரண்டாவதில் டைட்டானியம் உலோகம் தேய்ந்தது. மூன்றாவதில், ஆட்டின் உடலில் வைத்துச் சோதித்தபோது செயற்கை நீலக்கல் தகடு உடைந்தது. மூன்று முறையும் குழுவினர் பழுதின் காரணத்தைக் கண்டறிந்து, மீண்டும் தொடங்கினர். நான்காவது மாதிரியே வென்றது. 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்கு அது பொருத்தப்பட்டது.

அவ்வால்வில் மூன்று பகுதிகள் உள்ளன. கோபால்ட் குரோமியம் கலந்த உலோகச் சட்டம் ஒன்று. அதனுள் சாய்ந்து திறந்து மூடும் பிளாஸ்டிக் தகடு ஒன்று. சட்டத்தைச் சுற்றிப் பின்னல் பாலியெஸ்டர் துணியாலான வளையம் ஒன்று. மருத்துவர் ஊசியால் தைப்பது அவ்வளையத்தையே. பின்னலின் கண்களுக்குள் உடலின் திசு வளர்ந்து, வால்வை இருதயத்தோடு பிணைக்கிறது. நம் ஊரில் அன்றாடம் கையாளும் பின்னல் முறையே அங்கு உயிரைத் தாங்கி நிற்கிறது.

சித்திரா நிலையம் தன் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை பெறுவதை வழக்கமாகக் கொண்டது. காப்புரிமை என்பது செய்முறையை மறைப்பதன்று. அதை முழுவதும் எழுதி வெளியிட்டு, குறிப்பிட்ட காலத்துக்குத் தனி உரிமை பெறுவதாகும். நம் நாட்டில் அக்காலம் இப்போது 20 ஆண்டுகள். அதன் பின் எவரும் பயன்படுத்தலாம். வால்வின் தொழில்நுட்பம் டி.டி.கே. நிறுவனத்துக்கு வழங்கப்பட்டு, 1990-களின் நடுவிலிருந்து விற்பனைக்கு வந்தது. இதுவரை ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அது பொருத்தப்பட்டுள்ளது. வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார்.

பாலியெஸ்டர் நூலும் பின்னல் இயந்திரமும் நம்மிடமும் உள்ளன. நம்மிடம் குறைவாக இருப்பது, பிழையைப் பொறுமையாக ஆராயும் ஆய்வுக்கூடப் பழக்கமே. அருகில் கோவையில் உள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம், மருத்துவ ஜவுளிக்கென்றே தனி மையம் நடத்தி வருகிறது. பனியன் கம்பெனியில் வளரும் நம் பிள்ளைகளுள் சிலரேனும் ஜவுளிப் பொறியியலும் உயிரி மருத்துவப் பொறியியலும் பயில்வார்களாயின், இவ்வூரின் பின்னல் உடுத்துவதற்கு மட்டுமின்றி உயிர் காப்பதற்கும் பயன்படும். கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கும் மாணவ மாணவியரிடம் பெற்றோர்களும் பெரியோர்களும் இத்துறைகளை எடுத்துக் கூறுவார்களாக.