மணப்பல்லக்கில் வந்தவர் யார்?

1860 மார்ச்சில் ஜப்பானின் எடோ (இன்றைய தோக்கியோ) கோட்டையின் சகுரதா வாயிலருகே முதன்மை அமைச்சர் இயீ நாவோசுகே வெட்டிக் கொல்லப்பட்டபின் தள்ளாடத் தொடங்கிய பக்குஃபு, அதாவது ஷோகுன் தலைமையிலான படைத்துறை அரசு, கியோட்டோ அரசவையோடு மணவுறவு கொண்டேனும் தன் ஆட்சியை நிலைநிறுத்த எண்ணி, பேரரசர் கோமெய்யின் தங்கை கசுனோமியாவை 14ஆம் ஷோகுன் தோகுகவா இயெமோச்சிக்குப் பெண் கேட்டது. 1851லேயே இளவரசர் அரிசுகவா தாருஹிதோவுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த கசுனோமியா இதற்கு ஒப்பவில்லை. அவர் இறுதிவரை மறுத்தால், இரண்டு வயதும் நிரம்பாத தம் மகள் சுமானோமியாவை அவருக்குப் பதிலாகத் தருவதாகவும், அதையும் பக்குஃபு ஏற்காவிட்டால் அரியணையைத் துறப்பதாகவும் பேரரசர் தெரிவித்தார். உண்மையில் முன்மொழியப்பட்ட மாற்று மணமகள் அந்தக் கைக்குழந்தைதான். 14 வயதுப் பெண்ணை இப்படி நெருக்கிப் பணியவைத்ததை அரசதந்திரம் என்று புகழ்வதற்கில்லை. குழந்தையோ 1861லேயே இறந்துபோனது.

ஆயினும் மக்கள் மனத்தில் பதிந்தது இன்னொரு மாற்று மணமகளின் கதையே. இளவரசியின் பெயரில் எடோவுக்குச் சென்றவள் ஒரு பணிப்பெண் என்று அரியோஷி சவாகோ 1978இல் ஒரு புதினம் எழுதினார். தோக்கியோவின் ஸோஜோஜி கோயிலில் 1958 முதல் 1960 வரை தோகுகவா கல்லறைகள் அகழப்பட்டபோது கசுனோமியாவின் இடக்கை எலும்புகள் மணிக்கட்டுக்குக் கீழே கிடைக்காமற்போனது இந்த ஐயத்துக்குத் தீனி போட்டது. உடலோடு கிடைத்த கண்ணாடித் தகட்டில் தெரிந்த, மரபுடை அணிந்த இளைஞனின் நிழற்படமும் ஒளிபட்டு மறுநாளே மறைந்துவிட, அவன் கணவனா பழைய மணமகனா என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

புதினமாக அது மனத்தை உருக்கும் படைப்பு, வரலாறாக நிற்காது. 1868இல் பேரரசுப் படை எடோவை நோக்கி வந்தபோது தோகுகவா குடும்பத்தைக் காக்க வேண்டி இளவரசி மடல் எழுதியது தம் தாய்வழி உறவினரும் பேரரசுப் படைத்தலைவர்களுள் ஒருவருமான ஹாஷிமோதோ சனேயனாவுக்கு. 1869இல் கியோட்டோ திரும்பி 1874 வரை வாழ்ந்ததோ அவரைப் பிறந்தது முதல் அறிந்த சுற்றத்தாரிடையே. வேற்றுப் பெண்ணொருத்தி இத்தனை பேர் கண்ணில் மண்ணைத் தூவியிருக்க முடியாது. மேலும், 1877இல் ஹகோனேயில் இறக்கும்போது இயெமோச்சியின் அருகிலேயே தம்மை அடக்கம் செய்யக் கேட்டுக்கொண்ட பெண்ணின் மனவுறுதியை, வந்தவள் வேறொருத்தி என்னும் கதை அவரிடமிருந்தே பறித்துவிடுகிறது.

எடோ கோட்டையைக் கைப்பற்ற வந்த அந்தப் பேரரசுப் படையின் தலைமைத் தளபதி, கசுனோமியாவுக்கு முதலில் நிச்சயிக்கப்பட்ட அதே தாருஹிதோ.