இணைய முகவரியைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்: பாலாற்றங்கரை விவசாயிகளுக்கு எளிய இணைய வழிகாட்டி

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பகுதிகளிலிருந்து பயிற்சிக்கு வரும் விவசாயிகளிடம் "வீட்டில் இணையம் இருக்கிறதா?" என்று கேட்டால், "பொண்ணு போன்ல இருக்கு சார்" என்பதுதான் பெரும்பாலும் பதிலாக வரும். மகளோ மருமகளோ காலையில் ஷூ கம்பெனி பஸ் ஏறிவிட்டால் அந்த வீட்டின் இணையமும் கூடவே போய்விடுகிறது. ஆதாரோடும் வங்கிக் கணக்கோடும் இணைத்திருப்பது அவருடைய எண்தான். அப்பாவின் பெயருக்கு வரும் ஓடிபி, தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் மகளின் போனுக்குப் போகிறது. "வேளாண்மை அலுவலகத்திலிருந்து பேசுகிறோம், அப்பாவுக்கு வந்த எண்ணைச் சொல்லுங்கள்" என்று யாராவது கேட்டால், வேலை அவசரத்தில் அவர் சொல்லிவிடக்கூடும்.

எனவே முதல் வேலையாக, முடிந்தால் உங்கள் பெயரில் ஒரு சிம் வாங்கி, ஆதாரிலும் வங்கியிலும் அந்த எண்ணைப் பதிவு செய்யுங்கள். ஓடிபி வருவதற்குச் சாதாரண பட்டன் போனே போதும். அது முடியாவிட்டால், "ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது, என்னிடம் மட்டும் சொல்" என்று வீட்டில் பேசி வையுங்கள்.

முகவரியை எப்படிப் படிப்பது?

சர்வே எண் 112 என்றால் அது எந்த நிலம்? எல்லாக் கிராமத்திலும் ஒரு 112 இருக்கும். கிராமம், வட்டம், மாவட்டம் தெரிந்தால்தான் நிலம் தெரியும். இணையதளமும் அப்படித்தான். தளத்தில் இருக்கும் முதலமைச்சர் படத்தையோ கோபுர முத்திரையையோ யாரும் நகலெடுத்து ஒட்டிவிடலாம். தளம் யாருடையது என்பதைக் காட்டுவது, திரையின் மேல்பகுதியில் உள்ள முகவரிதான்.

தபால் முகவரியில் வீடும் தெருவும் முதலிலும், மாவட்டமும் மாநிலமும் கடைசியிலும் வருகின்றன அல்லவா? இணைய முகவரியிலும் முக்கியமான பகுதி கடைசியில்தான் இருக்கிறது. தமிழக அரசின் நிலப் பதிவேட்டுத் தளத்தை எடுத்துக்கொள்வோம்: இசர்வீசஸ் டாட் டிஎன் டாட் ஜிஓவி டாட் இன். கடைசியில் உள்ள 'இன்' இந்தியாவையும், 'ஜிஓவி' அரசையும், 'டிஎன்' தமிழ்நாட்டையும், 'இசர்வீசஸ்' அதற்குள் இருக்கும் சேவையையும் குறிக்கும்.

'ஜிஓவி டாட் இன்' என்ற முடிவை அரசு அமைப்புகள் மட்டுமே பெற முடியும். கல்வி நிறுவனங்களுக்கு 'ஏசி டாட் இன்' உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அக்ரிடெக் தளம் அப்படித்தான் முடிகிறது. வங்கிகளுக்கு 'பேங்க் டாட் இன்' என்ற தனி முடிவு வந்துள்ளது. 2025 அக்டோபர் 31-க்குள் அதற்கு மாறிவிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. 'டாட் காம்', 'டாட் ஆன்லைன்', 'டாட் ஓஆர்ஜி' போன்றவற்றைப் பணம் கட்டி யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

பிரதமரின் கிசான் திட்டத்தின் தளம் பிஎம்கிசான் டாட் ஜிஓவி டாட் இன். போலி முகவரிகள் இரண்டு விதமாக வரும்.

1. 'பிஎம்கிசான்-ஜிஓவி-இன் டாட் காம்' போன்றவை. நடுவில் ஜிஓவி இருந்தாலும் முடிவது 'டாட் காம்'. இது அரசுத் தளம் அல்ல.

2. 'பிஎம்கிசான் டாட் ஜிஓவி டாட் இன்' என்று சரியாகத் தொடங்கி, அதன்பின் இன்னொரு புள்ளியும் வேறு பெயரும் வருபவை. கடைசியில் வரும் பெயருக்குச் சொந்தக்காரர்தான் அந்தத் தளத்துக்கும் சொந்தக்காரர்.

முகவரி எங்கே முடிகிறது என்று எப்படித் தெரியும்? தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அதற்கு அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்பு நிற்பதுதான் முடிவு. போன் திரையில் முகவரி முழுவதும் தெரியாது. அதை ஒருமுறை தொட்டால் முழுதாக விரியும். பக்கத்தில் இருக்கும் பூட்டுப் படத்தை நம்பி ஏமாற வேண்டாம். நீங்கள் அனுப்பும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்குத்தான் அந்தப் பூட்டு; போய்ச் சேரும் இடம் நல்ல இடமா என்பதை அது சொல்லாது.

பட்டா பார்க்கும்போது மாவட்டத்தில் கவனம்

"என் கிராமமே கம்ப்யூட்டரில் இல்லை" என்று பலர் திரும்பி வருகிறார்கள். பெரும்பாலும் காரணம் எளியது. 2019-ல் வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடி வட்டங்கள் திருப்பத்தூர் மாவட்டத்திலும், பேரணாம்பட்டு, குடியாத்தம் வட்டங்கள் வேலூர் மாவட்டத்திலும், வாலாஜா, ஆற்காடு வட்டங்கள் ராணிப்பேட்டை மாவட்டத்திலும் உள்ளன. கையில் இருக்கும் பத்திரத்தில் வேலூர் மாவட்டம் என்றோ, தாத்தா காலத்துப் பத்திரமானால் வட ஆற்காடு என்றோ இருக்கும். தளத்தில் இன்றைய மாவட்டத்தையும் வட்டத்தையும் தேர்வு செய்தால்தான் கிராமம் வரும்.

அதே தளத்தில் பட்டா, அ-பதிவேடு, புலப்படம் ஆகியவற்றைப் பார்க்கலாம். பட்டா எண் தெரியாவிட்டால் சர்வே எண்ணையும் உட்பிரிவையும் கொடுத்துத் தேடலாம். பட்டா நகலில் ஒரு குறிப்பு எண் அச்சாகி வரும். நிலம் வாங்கும்போதோ குத்தகைக்கு எடுக்கும்போதோ எதிர்த் தரப்பு காட்டும் பட்டா உண்மையானதா என்று அந்த எண்ணை இதே தளத்தில் இட்டுச் சரிபார்க்கலாம். வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் பார்க்கலாம்.

பாலாற்று விவசாயிக்கு ஏன் இது கூடுதல் முக்கியம்?

தோல் கழிவுநீரால் கிணறும் நிலமும் கெட்ட வரலாறு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை அந்தத் தீர்ப்பு இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று உறுதிசெய்தது. அதன்படி அமைந்த ஆணையம் 2001-ல் இழப்பீட்டை நிர்ணயித்தது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பில், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இன்னும் கொடுக்கப்படாத இழப்பீட்டை அரசு வழங்கிவிட்டு, அந்தத் தொகையை மாசுபடுத்திய ஆலைகளிடமிருந்து வசூலிக்க உத்தரவிட்டது.

இதில் உங்களுக்கு இரண்டு வேலைகள் இருக்கின்றன.

ஒன்று, ஆவணம். நிலத்தின் பட்டா, வாரிசு ஆவணங்கள், கிணற்று நீர்ப் பரிசோதனை அறிக்கைகள் ஆகியவற்றைப் படம் எடுத்து, சர்வே எண்ணையும் தேதியையும் பெயராக இட்டுச் சேமியுங்கள். போன் தொலைந்தாலும் இவை தொலையாமலிருக்க, கூகுள் டிரைவ் போன்ற இடத்தில் ஒரு பிரதி இருக்கட்டும். நீர் மாதிரி எடுக்கும்போது மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அதே நீரில் கழுவிய பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து, சர்வே எண்ணையும் தேதியையும் எழுதி ஒட்டுங்கள். அறிக்கையில் மின்கடத்தும் திறன் என்ற அளவைப் பாருங்கள். ஒரு மீட்டருக்கு 2.25 டெசிசைமனுக்கு மேல் இருந்தால் அது மிகுந்த உப்பு நீர். ஆண்டுதோறும் பரிசோதித்து வைத்தால், கிணறு எந்த ஆண்டில் எப்படி மாறியது என்பதற்கு உங்கள் கையிலேயே சான்று இருக்கும். அக்ரிடெக் தளத்தில் பயிர் தேடும்போதும் அந்த எண் உதவும்.

இரண்டு, எச்சரிக்கை. "இழப்பீட்டுப் பட்டியலில் உங்கள் பெயர் உள்ளது, இந்த லிங்க்கைத் தொடுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் தொடாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ நேரில் கேளுங்கள். இழப்பீடு பெற முன்பணமோ ஓடிபியோ எந்த அலுவலகமும் கேட்காது.

ஏபிகே என்று முடிந்தால் தொடாதீர்கள்

பிஎம் கிசான் பெயரில் வாட்ஸ்அப் குழுக்களில் 'ஏபிகே' என்று முடியும் கோப்புகள் சுற்றுகின்றன. அதை நிறுவினால் உங்களுக்கு வரும் குறுஞ்செய்திகளையும் ஓடிபிகளையும் மோசடிக்காரர்கள் அங்கிருந்தே படித்துக் கணக்கைத் துடைத்துவிடுவார்கள். நீங்கள் யாரிடமும் எதுவும் சொல்லாமலே பணம் போய்விடும். அனுப்பியவர் தெரிந்தவராக இருந்தாலும், அவர் போனே சிக்கியிருக்கலாம். உழவன் செயலி உட்பட எந்தச் செயலியையும் பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் நிறுவுங்கள்.

விளைபொருள் விற்கும்போது, "பணம் அனுப்புகிறேன், இந்த கியூஆரை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்" என்று வாங்குபவர் சொன்னால் மறுத்துவிடுங்கள். யுபிஐ பின் நம்பர் பணம் கொடுப்பதற்கு மட்டுமே தேவை, வாங்குவதற்குத் தேவையில்லை.

ஏமாந்துவிட்டால் செய்ய வேண்டியவை:

1. போனில் டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிடுங்கள்.

2. வேறு போனிலிருந்து உடனே 1930-ஐ அழையுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் தகவல் சென்றால், போய்ச் சேர்ந்த கணக்கிலேயே அதை முடக்க வாய்ப்புண்டு. சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம்.

3. வங்கிக்குத் தெரிவித்துப் புகார் எண் பெறுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 விதிமுறைப்படி, நீங்கள் தெரிவித்த பிறகு நடக்கும் மோசடி இழப்புக்கு வங்கிதான் பொறுப்பு.

4. பிறகு, தெரிந்தவரைக் கொண்டு போனை ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள்.

வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைத்து வைப்பதுதான் பணத்தை மீட்க முடியாமல் செய்துவிடுகிறது.

சொந்தமாக இணையதளம் வேண்டுமா?

வேலூர் முள்ளு கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபின், இலவம்பாடிப் பக்கத்து இளைஞர்கள் சிலர் இதைக் கேட்கிறார்கள். முதலில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பொருள், எடை, விலை, படம் போட்டு ஒரு பட்டியல் வையுங்கள், செலவில்லை. வாடிக்கையாளர்கள் கூடினால் கூகுள் சைட்ஸ் மூலம் இலவசமாக ஒரு பக்கம் அமைக்கலாம். அதன் பிறகும் தேவை இருந்தால் மட்டும் சொந்த முகவரி வாங்குங்கள். 'டாட் இந்தியா' என்று தமிழ் எழுத்திலேயே முடியும் முகவரிகளும் கிடைக்கின்றன.

இங்கேயும் நிலக் கணக்கே பொருந்தும். முகவரிதான் நிலம், அதில் கட்டும் பக்கம் வீடு. ஆனால் இந்த நிலம் கிரயம் அல்ல, குத்தகை. காலம் முடியும்போது புதுப்பிக்காவிட்டால் வேறு ஒருவர் எடுத்துக்கொள்ளலாம். முதல் ஆண்டு மலிவாகக் கொடுத்துவிட்டு அடுத்த ஆண்டு பலமடங்கு கேட்பவர்களும் உண்டு. புதுப்பிக்கும் கட்டணத்தை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மிக முக்கியமாக, முகவரி உங்கள் பெயரிலும், உங்கள் மின்னஞ்சலிலும், உங்கள் எண்ணிலும் பதிவாகட்டும். செய்து தரும் கடைக்காரர் பெயரில் பதிவானால், உங்கள் பணத்தில் வாங்கிய நிலத்துக்கு அவர் பெயரில் பட்டா வாங்கிக் கொடுத்தது போலாகிவிடும்.

பக்கத்தில் பட்டா, ஆதார், வங்கிப் புத்தகப் படங்களைப் போடாதீர்கள். புவிசார் குறியீட்டு முத்திரையைப் பயன்படுத்த, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக முதலில் பதிவு செய்ய வேண்டும். எண்ணெய், பொடி போன்றவற்றை விற்க உணவுப் பாதுகாப்புப் பதிவு தேவை.

குறித்து வைக்க வேண்டிய எண்கள்

சைபர் மோசடி: 1930
பிஎம் கிசான் உதவி: 155261
கிசான் அழைப்பு மையம்: 1800-180-1551 (தமிழில் பேசலாம்)

போன் திருட்டுப் போனால் சஞ்சார்சாதி டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் அதை முடக்கலாம். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதையும் அங்கேயே பார்க்கலாம்.

இந்த எண்களை ஒரு தாளில் எழுதி, போன் சார்ஜ் போடும் இடத்துக்கு மேலே ஒட்டி வையுங்கள். மகள் கம்பெனியிலிருந்து வந்ததும் அவரோடு உட்கார்ந்து, உங்கள் பட்டாவை நீங்களே ஒருமுறை தேடிப் பாருங்கள். மாவட்டம், வட்டம், கிராமம் என்று தேடுவதற்கு முன், மேலே இருக்கும் முகவரியைக் கடைசியிலிருந்து வாய்விட்டுப் படியுங்கள். நீர்ப் பரிசோதனை, பயிர்த் தேர்வு பற்றிய விவரங்களுக்கு விரிஞ்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.